பாட்டில் என்ன ஆராய்ச்சி?

கேள்வி: என் தங்கை இசையில் முதுகலை முடித்துவிட்டு அதிலேயே பிஎச்.டி. செய்யப்போகிறாள். நான் வேதியியல் படித்தவன். ஆராய்ச்சி என்றால் எனக்குத் தெரிந்தது சோதனை, அளவீடு, முடிவு. இசை, இலக்கியம், கல்வியியல் மாதிரித் துறைகளில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? அதையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது சரியா? எது கடினம், எது சுலபம் என்று ஒப்பிட வழி உண்டா?

கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது, ஆனாலும் நியாயமான கேள்வி. பல துறை ஆய்வேடுகளைப் படித்து மொழி திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. காலையில் மண்ணியல், மத்தியானம் நாட்டுப்புறவியல், ராத்திரி புள்ளியியல் என்று போகும். எந்தத் துறைக்கும் நான் சொந்தக்காரன் இல்லை, எல்லார் வீட்டு அடுக்களையையும் எட்டிப் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

"இவர்கள் சோதனை செய்கிறார்களா?" என்று கேட்டால் பாதித் துறைகள் வாசலிலேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாக, "இவர் சொல்வது தப்பாக இருந்தால் அது எப்படி வெளியே தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துறையிலும் ஆள் மாட்டிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. வழிகள் வேறு வேறு, அவ்வளவுதான்.

நீங்கள் அளவீடு என்கிறீர்கள். உ.வே.சாமிநாதையர் செய்த வேலையை அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். 1887-ல் சீவக சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று பதிப்பித்துக்கொண்டே போனார். "ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி அச்சில் ஏற்றினார்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அலைந்தது உண்மைதான். ஆனால் ஏடு கைக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். இப்போது ஒரு கொம்பு, அடுத்து க, அடுத்து காலா ரகரமா என்று தெரியாத ஒரு கீற்று, கடைசியில் ல என்று நான்கு குறிகள் ஓலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது கொல, கோல, கொல், கோல், கெரல, கேரல் என்று எதுவாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குச் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. இதில் எது சரி என்று எப்படிச் சொல்வது? தோன்றியதைப் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது. அடுத்த அடி "நீல" என்று தொடங்குகிறது என்று வைப்போம். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். அதோடு முதலெழுத்துகள் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து நிற்க வேண்டும். அந்த ஒரு விதியிலேயே கொல, கொல் இரண்டும் அடிபட்டுப் போகும், முதலெழுத்து குறில் என்பதால். கெரல, கேரல் இரண்டிலும் இரண்டாம் எழுத்து ர, அதுவும் போயிற்று. கோல் என்பதில் இரண்டாவது வெறும் ஒற்று, அது "நீல" என்பதோடு சேராது. மிஞ்சுவது கோல. அதோடும் முடியவில்லை. சீரும் தளையும் பொருந்துகிறதா, பொருள் வருகிறதா, உரைகாரர் அந்த இடத்தில் என்ன சொல்கிறார், வேறு ஊரில் கிடைத்த ஏட்டில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் தராசு என்ன செய்கிறதோ அதை இங்கே யாப்பு செய்கிறது. சிந்தாமணி சமணக் காப்பியம் என்பதால் ஐயர் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து அவர்கள் சமயச் சொற்களுக்குப் பொருள் கேட்டுக்கொண்டார். தான் எடுத்துக்கொள்ளாத பாடங்களையும் பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் போட்டுவைத்தார். "நான் தேர்ந்தது தப்பென்றால் இதோ மற்றவை, நீயே பார்" என்று பின்னால் வருகிறவனிடம் சாவியைக் கொடுப்பது மாதிரி.

இதே வேலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பிரதிகளில் ஒரு சொல் சரியாக இருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் விஷயம் வேறு. இருவரும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பரீட்சையில் காப்பி அடித்தவனைக் கண்டுபிடிக்கிற முறைதான். உயிரினங்களுக்கு வம்ச மரம் வரைகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: பழைய, பொதுவான பண்பை விட்டுவிட்டு, புதிதாக முளைத்த மாற்றம் யாரிடமெல்லாம் இருக்கிறது என்று தேடுகிறார்கள். 1998-ல் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாக உட்கார்ந்தது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த 58 கையெழுத்துப் பிரதிகளை, மரபணு வரிசைகளை ஒப்பிடுகிற கணினி முறையில் போட்டு, எந்தப் பிரதி எதிலிருந்து வந்தது என்று மரம் வரைந்தார்கள். கட்டுரை வந்தது இலக்கிய இதழில் இல்லை, நேச்சர் என்ற அறிவியல் இதழில்.

சரி, கணிதத்துக்கு வருவோம். அங்கே சோதனையே கிடையாது. ஆனால் அதை ஆராய்ச்சி இல்லை என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதவியலர் ஏழு வருஷம் கிட்டத்தட்ட யாருக்கும் சொல்லாமல், ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற பழைய கணிதப் புதிரோடு மல்லுக்கட்டினார். 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் மூன்று நாள் சொற்பொழிவாற்றி, நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. பிறகு கட்டுரையை வரி வரியாகச் சரிபார்த்தவர்கள் ஓர் இடத்தில் வந்து நின்றார்கள்: இந்தப் படியிலிருந்து அடுத்த படிக்கு எப்படிப் போனீர்கள்? பதில் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் திண்டாடி, தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரையும் சேர்த்துக்கொண்டு, 1994 செப்டம்பரில்தான் அந்த ஓட்டையை அடைத்தார். 1995-ல் அச்சாயிற்று. கணிதத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கருவி வேண்டாம், பொறுமையாகப் படிக்கிற இன்னொரு ஆள் போதும்.

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்கள் ஏட்டுப் பதிப்புக்கும் கணிதத்துக்கும் நடுவில் நிற்கின்றன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் எழுதி வைக்கவில்லை. புரூஸ் பெர்ன்ட் என்ற கணிதவியலர் ஒவ்வொன்றாக எடுத்து, ஏற்கெனவே தெரிந்ததா, புதிதா, சரியா, கைப்பிழையா என்று பார்த்து, நிரூபணம் எழுதி, 1985-லிருந்து 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்துப் பெட்டி ஒன்றில் ராமானுஜனின் கடைசிக் காலத்துத் தாள்களை ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது இன்னொரு கதை. பெர்ன்ட் செய்தது கணித ஆய்வா, பதிப்புப் பணியா? ஐயர் இருந்திருந்தால் "நம்ம ஆள்" என்றிருப்பார்.

உங்களுக்குப் பழக்கமான சோதனை அறிவியலுக்குள்ளேயே எவ்வளவு வேற்றுமை என்று பாருங்கள். இயற்பியலில் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015-ல் இரண்டு பெரிய குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். கட்டுரை மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயர்களும் அவர்கள் நிறுவனங்களுமே. எல்லாவற்றையும் தனியொருவராகச் சரிபார்த்தவர் அதில் யாரும் இருக்க முடியாது. அதனால்தான் அந்தத் துறையில் "கண்டுபிடித்தோம்" என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்கிறார்கள். துகளே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு குறி தெரிய ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்க வேண்டும் என்று அர்த்தம். உளவியலில் பல காலமாக இருபதில் ஒன்று என்பதே போதுமானதாக இருந்தது. அதன் விலையையும் கொடுத்தார்கள். உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 36-ல்தான் முன்பு கிடைத்த மாதிரி முடிவு உறுதியாயிற்று. அந்தத் துறையே மோசம் என்று இதை வைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. தன் வீட்டைத் தானே சோதனை போட்டு, முடிவை வெளியே ஒட்டிவைத்த துறை என்றுதான் நான் பார்க்கிறேன். மற்ற பல துறைகள் இன்னும் அதைச் செய்யவில்லை.

அப்புறம், முடிவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது: அளந்துகொண்டே இருப்பது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மவுனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். முதல் அளவு பத்து லட்சத்துக்கு 313 பங்கு. ஒரு வருஷம் ஆவதற்குள்ளேயே ஒரு விஷயம் தெரிந்தது: மே மாதத்தில் ஏறுகிறது, பூமியின் வடபாதியிலுள்ள செடிகொடிகள் கோடை முழுக்க அதை இழுத்த பிறகு இறங்குகிறது. பூமி மூச்சு விடுவது மாதிரி ஒரு கோடு. அதற்குமேல் வருஷா வருஷம் மொத்தக் கோடும் மேலேறியது. இடையில் பலமுறை, "இதுதான் தெரிந்துபோயிற்றே, இன்னும் எதற்கு அளக்க வேண்டும்?" என்று நிதியை நிறுத்தப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. 2005-ல் அவர் இறந்த பிறகு மகன் ரால்ஃப் கீலிங் பார்த்துக்கொள்கிறார். இன்றைக்கு அந்த எண் 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வேலையில் மேதைமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கருவி ஒரே மாதிரி அளக்கிறதா என்று தினம் தினம் சந்தேகப்பட்டதில் இருக்கிறது.

கல்வியியல் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏளனம் வாங்குகிற துறை அதுதான். எல்லாரும் பள்ளிக்கூடம் போனவர்கள், அதனால் எல்லாருக்கும் அதில் ஒரு கருத்து இருக்கிறது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். டேப்பில் அவர் தேடியது பாடத்தை அல்ல, மௌனத்தை. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார், அல்லது வேறு பிள்ளையிடம் போகிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். நீங்களே ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டு, மனசுக்குள் ஒன்று எண்ணிப் பாருங்கள். கேள்வியைப் புரிந்துகொள்ளவே நேரம் இருக்காது. பிறகு ஆசிரியர்களைப் பழக்கி மூன்று நொடி காத்திருக்கச் செய்தார். பதில்கள் நீளமாயின. "தெரியாது" குறைந்தது. கேட்காமலே பிள்ளைகள் பேசினார்கள், ஆசிரியரைத் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். இன்னொன்றும் டேப்பில் இருந்தது: கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று ஆசிரியர் நினைத்தவர்களுக்கு அதிக நேரம் கிடைத்தது, மக்கு என்று நினைத்தவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. எந்த ஆசிரியரும் வேண்டுமென்று செய்யவில்லை. செய்கிறோம் என்று தெரியவே தெரியாது. 1970-களில் வெளியான வேலை இது. ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் நிறுத்துகடிகாரமும் பொறுமையான காதும்தான் தேவைப்பட்டன.

இதைவிடப் பெரிய அளவிலும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி நான்கு வருஷம், சின்ன வகுப்பில் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்களா என்று சோதித்தார்கள். 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பு, 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பு, அதே பெரிய வகுப்போடு ஓர் உதவியாளர் என்று மூன்று வகை. யார் எந்த வகுப்பு என்பது குலுக்கல் முறையில், ஆசிரியர்களுக்கும் அப்படித்தான். ஏறத்தாழ 11,600 பிள்ளைகள். மருந்துச் சோதனைக்குக் குறையாத ஏற்பாடு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். உதவியாளர் இருந்ததால் பெரிய மாற்றம் இல்லை.

அடுத்தது நடந்ததுதான் கல்வி ஆய்வின் தலைவலி. 1996-ல் கலிஃபோர்னியா, மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளைச் சுருக்கியது. ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் வேண்டியிருந்தது, முழுப் பயிற்சி இல்லாதவர்களையும் எடுத்தார்கள். வகுப்பறைக்கு இடம் இல்லாமல் நூலகத்தையும் விளையாட்டு அறையையும் பிடித்துக்கொண்டார்கள். வசதியான பள்ளிகளில் புது இடம் காலியானதும் ஏழைப் பகுதிப் பள்ளிகளிலிருந்து அனுபவசாலிகள் கிளம்பிப் போனார்கள். டென்னசி மாதிரித் தெளிவான பலனைக் காட்ட முடியவில்லை. சோதனை பொய்யா? இல்லை. உங்கள் வேதிப்பொருள் ஓர் ஊரில் ஒரு மாதிரியும் இன்னோர் ஊரில் வேறு மாதிரியும் வினைபுரியாது. ஆசிரியர்கள் வேலை மாறுவார்கள். கல்வி ஆய்வு கடினமாவது இந்த இடத்தில்தான். உண்மையைக் கண்டுபிடித்தபின் அதை வேறோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு இன்னோர் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், இனி கொஞ்சம் திட்டவும் வேண்டும். என் மேசைக்கு வருவதில் எல்லாம் இந்தத் தரம் இல்லை. கல்வியியலில் ஒரு வார்ப்பு இருக்கிறது: ஆசிரியர்களுக்கு ஒரு வினாப்பட்டியல் கொடு, "மனப்பான்மை" என்று எதையாவது அளவிடு, ஆண் பெண் என்று பிரி, கிராமம் நகரம் என்று பிரி, டி-சோதனை என்ற புள்ளியியல் கணக்கைப் போடு, அட்டவணை போடு. முடிவு எப்படி வந்தாலும் ஆய்வேடு முடிந்துவிடும். இலக்கியத்தில் அதற்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார்: "இன்னாரின் கவிதைகளில் உவமைகள்". உவமை இருக்கத்தான் செய்யும், கவிதை ஆயிற்றே. பட்டியல் போட்டு ஐந்து இயலாகப் பிரித்தால் பட்டம். அறிவியல்காரர்கள் இங்கே நமுட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டாம். ஒரு வினையூக்கியின் அளவை அரை கிராம் மாற்றி ஒரு பேப்பர், வெப்பநிலையைப் பத்து டிகிரி மாற்றி இன்னொரு பேப்பர் என்று வெங்காயம் உரிப்பது மாதிரி வெளியிடுவதை நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். மூன்றுக்கும் நோய் ஒன்றுதான்: அந்த ஆய்வு தோற்றுப்போக வழியே இல்லை. என்ன கிடைத்தாலும் சரி என்று தொடங்கிய வேலை.

கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாத, ஆனால் அது இல்லாமல் மற்றவர் கை ஓடாத வேலை ஒரு பக்கம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். மொழியியலர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-ல் வந்தது. அதற்குப் பல வருஷம் முன்பே, 1930-களில், எமனோ நீலகிரியில் இருந்து தோடர்களின் மொழியையும் பாடல்களையும் குறித்துக்கொண்டிருந்தார். அகராதியில் ஒரு வரியில் "தோடா" என்று வரும் ஒரு சொல்லுக்குப் பின்னால், யாரோ ஒருவர் வாயைப் பார்த்து, திரும்பச் சொல்லச் சொல்லி, எழுதிய பக்கம் இருக்கிறது. இப்படி அகராதி தொகுத்தவருக்குப் பதவி உயர்வில் என்ன மதிப்பெண் கொடுப்பது? பல இடங்களில் மூன்று பக்கக் கட்டுரைக்குக் கிடைப்பதுகூடக் கிடைக்காது. அமெரிக்காவில் எர்னஸ்ட் பாயர் என்ற கல்வியாளர் 1990-ல் இதைத்தான் எடுத்துப் பேசினார். புதியது கண்டுபிடிப்பது, சிதறிக் கிடப்பதை இணைப்பது, பயன்பாட்டுக்குக் கொண்டுபோவது, கற்பிப்பது என்று புலமைக்கு நான்கு முகம் உண்டு, முதலாவதை மட்டும் எண்ணுகிறோம் என்றார். நிறையப் பேர் மேற்கோள் காட்டினார்கள். மதிப்பெண் முறை அவ்வளவாக மாறவில்லை.

இணைக்கிற வேலையை லேசாக நினைத்துவிடாதீர்கள். குறைமாதப் பிரசவம் ஆகும்போல் இருந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது குழந்தையின் நுரையீரலைக் காப்பாற்றும் என்று 1972-லேயே ஒரு சோதனை காட்டியது. பிறகும் பல சோதனைகள் நடந்தன. ஒவ்வொன்றும் சிறியது, சிலவற்றைத் தனியாகப் பார்த்தால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. மருத்துவர்கள் பலர் தயங்கினார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்து அடுக்கி 1989-ல் கணக்குப் பார்த்தபோதுதான் பலன் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடைவெளியில் காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்ப்பதற்காக 1993-ல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள், வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகளும் ஒரு செங்குத்துக் கோடும். அலங்காரம் இல்லை அது, அந்தச் சோதனைகளின் வரைபடம். ஒரு நோயாளியைக்கூடத் தொடாமல், ஏற்கெனவே அச்சில் இருந்ததை ஒழுங்காகப் படித்ததால் வந்த பலன்.

இனி கலை. ஓவியத்தில் மாட்டிக்கொள்ளும் வழி சில சமயம் உங்கள் வேதியியல்தான். பிரஷ்யன் நீலம் என்ற நிறமி பெர்லினில் 1700-களின் தொடக்கத்தில்தான் பிறந்தது. 1650-ல் வரைந்தது என்று சொல்லப்படும் படத்தின் அடிப்பூச்சில் அது இருந்தால் சொன்னவர் பதில் சொல்ல வேண்டும். 1914 என்று தேதி போட்டுப் பெருந்தொகைக்கு விற்ற ஒரு ஜெர்மன் ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளை கிடந்தது. அந்த வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். போலி ஓவியரும் கூட்டாளிகளும் 2011-ல் தண்டனை பெற்றார்கள். ஆனால் நிறமி "இது போலி" என்று சொல்லும், "இது டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்தது" என்று சொல்லாது. அவருடைய பட்டறையில் இருந்த மாணவரும் அதே காலம், அதே நிறமி, அதே துணி. அங்கே தூரிகை போன விதத்தை ஆயிரம் படம் பார்த்த கண்தான் பேச வேண்டும். 1968-ல் தொடங்கிய ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம் இரண்டையும் வைத்துத்தான் வேலை செய்தது. பெர்லினில் மக்கள் கூட்டமாக வந்து பார்த்த "தங்கத் தலைக்கவச மனிதன்" ரெம்பிராண்ட் வரைந்ததல்ல என்று 1980-களில் முடிவாயிற்று. படம் அதே படம்தான், பெயர்ப்பலகை மாறியது.

இசைக்கு விபுலானந்தரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அறிவியல் படித்து அறிவியல் கற்பித்தவர், பிறகு தமிழ்ப் பேராசிரியர், துறவி. யாழ் என்ற கருவி வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும் அதைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன, ஆனால் வெறும் தமிழ்ப் புலமையை வைத்துக்கொண்டு அவற்றைத் திறக்க முடியாது. நரம்பைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி, மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம் என்ற விகிதக் கணக்கும் வேண்டும். செய்யுள், உரை, கணக்கு மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வருஷக்கணக்கில் உழைத்து எழுதிய யாழ் நூல் 1947-ல் வெளியானது. சில வாரங்களில் அவர் மறைந்தார். அவருடைய முடிவுகளில் உடன்படாதவர்கள் உண்டு. எந்த அடியை எப்படிப் பொருள்கொண்டார், எந்த விகிதத்தை எடுத்தார் என்று அவரே எழுதிவைத்திருப்பதால்தான் அவர்களால் மறுக்க முடிகிறது.

இன்னொரு வகையும் இப்போது பெருகியிருக்கிறது: பாடியோ ஆடியோ வரைந்தோ செய்வதையே ஆய்வாகச் சமர்ப்பிப்பது, கூடவே அதை விளக்கும் ஒரு கட்டுரை. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. நல்ல கச்சேரி நல்ல கச்சேரிதான், அதற்கு ஆய்வேடு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் "இந்தத் தாளத்தை இந்த வேகத்தில் பாட முடியாது என்கிறார்கள், நான் பாடிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் கிளம்பினால் அது உங்கள் ஆய்வகச் சோதனையைவிட நேரடியானது. கேட்பவர் எல்லாரும் சாட்சி.

எது கடினம் என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். உயிரியலில் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். கணிதத்தில் அகரவரிசைதான், முதலில் இருப்பவருக்கு அதனால் ஒரு பெருமையும் இல்லை. கணினி அறிவியலில் மாநாட்டுக் கட்டுரைக்கு மவுசு. வரலாற்றில் பத்து வருஷத்துக்கு ஒரு புத்தகம் வந்தால் போதும். வேதியியல் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலையும் கல்வெட்டியல் அறிஞரின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பின்னவர் சோம்பேறி மாதிரித் தெரிவார். ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் 1960-களிலேயே இறங்கிவிட்டார், முழு நூல் 2003-ல்தான் வந்தது. குகைக் குகையாக ஏறி, படியெடுத்து, ஒளி விழும் கோணம் மாறினால் கீறல் எழுத்தாகத் தெரிகிறதா என்று பார்த்த வேலை அது. வருஷத்துக்கு எத்தனை என்று அவரைக் கேட்க முடியுமா?

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். "பாட்டில் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்காமல், அவள் மனசில் இருக்கிற கேள்வி என்ன, எதைக் கேட்டால் "நான் நினைத்தது தப்பு" என்று விட்டுவிடுவாள் என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, பழைய இசைத்தட்டுகளை வைத்து அந்தக் காலத்துப் பாடகர்கள் எந்தச் சுருதியில், எந்த வேகத்தில் பாடினார்கள் என்று பார்க்கப்போகிறாள் என்று வையுங்கள். 78 சுற்றுத் தட்டு என்று பெயர்தானே தவிர, ஆரம்ப காலத்தில் எல்லாத் தட்டும் 78 சுற்றில் பதிவானவை இல்லை. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடிவிடும். "அந்தக் காலத்தில் எல்லாரும் உச்ச சுருதியில் துரிதமாகப் பாடினார்கள்" என்று ஓர் இயல் எழுதி முடித்த பிறகு இது தெரியவந்தால் அழுகைதான் வரும். ஆனால் ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் உள்ள விகிதம் வேகத்தால் மாறாது. ஆக, அதே தட்டை வைத்து, சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைப் பற்றிப் பேசலாம், ஆதார சுருதியைப் பற்றிப் பேசுவதற்கு வேறு சான்று வேண்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற இந்தப் பிரிப்புக்குத்தான் மூன்று நான்கு வருஷம் ஆகிறது.

இதில் நீங்களும் உதவலாம். அளவீட்டில் பிழை எவ்வளவு என்று கணக்கிடுவது உங்களுக்குக் கைவந்த வேலை, இசைத் துறையில் அதை யாரும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. கமகம் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று திரையில் தெரியும் கோட்டைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது, அதற்கு அவள் காது வேண்டும். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: எந்தத் தட்டு, யாரிடமிருந்து வாங்கிய பிரதி, எந்த வேகத்தில் ஓட்டிப் பதிந்தது என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் என்னிடம் வந்து தவிக்கிறவர்களில் பலரிடம் அந்த நோட்டு இருக்காது.